மரக்கால் எவர் கையில்?

களத்துமேட்டில் நெல் பொலி குவிந்து கிடக்கின்றது. அறுத்தவரும் அடித்தவரும் தூற்றியவரும் ஒருபுறம் கைகட்டி நிற்கின்றனர். நிலக்கிழாரின் ஆள் மரக்காலோடு வருகின்றான். வாங்குவதற்கு ஒரு மரக்கால். கூலி கொடுப்பதற்கு அதனினும் சிறிய மற்றொரு மரக்கால். கீழைத் தஞ்சையின் உழவுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டுப் போராடிய காலத்தில், முத்திரையிட்ட மரக்காலால் அளந்து கொடு என்றும் சேர்த்தே கேட்டனர். ஏட்டுப் படிப்பு மறுக்கப்பட்ட அம் மக்கள் இற்றை அரசியலார்க்கும் விளங்காத ஓர் உண்மையை விளங்கியிருந்தனர். கூலி எத்தனை மரக்கால் என்பது இரண்டாம் கேள்வி. மரக்கால் எத்தனை படி கொள்ளும் என்பதே முதற்கேள்வி. அளவை பொய்யானால் உயர்த்திய கூலியும் பொய்யே.

தமிழர்களே! இற்றை அரசும் ஒரு களத்துமேடே. கல்லூரி இடங்களும் அரசுப் பணிகளும் மனைப்பட்டாவும் உதவித்தொகையும் அங்குக் குவிந்து கிடக்கும் பொலி. அதனைப் பங்கிடும் மரக்கால்தான் குமுக ஆய்வு. எவன் எத்தனை பேர், எவனிடம் எவ்வளவு நிலம், எவன் பிள்ளை எந்த வகுப்போடு பள்ளியை விட்டு நின்றது, எவள் கூலி எவ்வளவு என்று ஊர் ஊராக, தெருத் தெருவாக அளந்து சொல்லும் அறிவுத்துறை அது. அம்மரக்கால் இல்லாமல் நயன்மை பேசுகின்ற ஆட்சி, கையால் அள்ளிப் போடும் ஆட்சி. அள்ளிப் போடும் கை எப்பொழுதும் அருகில் நிற்பவனுக்கே நிறையப் போடும். எட்டத்தில் நிற்பவனுக்குப் பதரே விழும். ஏற்றத்தாழ்வை ஒழிக்க வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும். அளந்ததை மறைக்காமல் வெளியிட வேண்டும். வெளியிட்டதை அளக்கப்பட்ட மக்களின் மொழியிலேயே அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இம் மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண் என்பதே நாம் இங்குச் சொல்ல வந்தது.

எண்ணிக்கை ஈன்ற உரிமை

தமிழ்நாட்டின் குமுக நயன்மை வரலாறு மேடை முழக்கத்தில் தொடங்கியதன்று. ஒரு கணக்கில் தொடங்கியது. 1913இல் அரசுப் பணிகளைப் பற்றி உசாவ வந்த ஆணையத்தின்முன் அலெக்சாண்டர் கார்டியூ என்னும் வெள்ளை அலுவலர் சில எண்களை வைத்தார். சென்னை மாகாணத்தில் 1912ஆம் ஆண்டு நிலைப்படி, துணை ஆட்சியர் 140 பேருள் 77 பேர் பார்ப்பனர். சார்பு நடுவர் 18 பேருள் 15 பேர் பார்ப்பனர். மாவட்ட முன்சீபு 128 பேருள் 93 பேர் பார்ப்பனர். மாகாண மக்கள்தொகையில் அவர்களோ நூற்றுக்கு மூவர் அளவினரே. இதில் வசையில்லை; இகழ்ச்சியில்லை; வெறும் எண்களே இருந்தன. ஆயினும் ஆயிரம் மேடைகள் செய்யமாட்டாத வேலையை அவ்வெண்கள் செய்தன. 1916ஆம் ஆண்டுக் கடைசியில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் கொள்கை அறிக்கை அவ்வெண்களின்மேல் எழுந்தது. 1921இல் முதல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில், 1928இல், அது நடைமுறைக்கு வந்தது. 12 பணியிடங்களுள் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்க்கு 2, இசுலாமியர்க்கு 2, கிறித்தவர்க்கு 2, ஒடுக்கப்பட்டோர்க்கு 1 என்று பங்கு வகுக்கப்பட்டது.

அந்த அளவை நிறைவானதா? இல்லை. ஒடுக்கப்பட்டோர்க்கு 12இல் 1 என்பது அவர்தம் தொகைக்கு எவ்வகையிலும் ஒத்ததன்று. எனினும், தகுதி என்னும் ஒற்றைச் சொல்லால் அத்துணைக் காலம் மூடிவைக்கப்பட்டிருந்த உண்மையை எண்ணிக்கை ஒரே நாளில் திறந்து காட்டியது. திறமை குறைந்ததால் பின்தங்கினாய் என்று சொல்லப்பட்டு வந்தவன், வாயில் அடைக்கப்பட்டதால் பின்தங்கினேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டான். ஆய்வின் பயன் இதுவே. தன் தாழ்வுக்குத் தானே கரணியம் என்று நாணித் தலைகுனிந்து நிற்பவனை, இத்தாழ்வு அமைக்கப்பட்டது, ஆகலின் மாற்றத்தக்கது என்று நிமிரச் செய்வது அது.

கண்ணை மூடிக்கொண்ட அரசு

விடுதலை பெற்ற பின் என்ன நடந்தது? நாடு முழுவதும் எல்லாச் சாதிகளும் எண்ணப்பட்டு வெளியிடப்பட்ட கணக்கு 1931ஆம் ஆண்டினது. 1941இல் போர் நடந்தமையால் சாதிக் கணக்கு தொகுத்து வெளியிடப்படவில்லை. 1951 முதல் நடுவணரசு பட்டியல் சாதியாரையும் பழங்குடியினரையும் மட்டுமே தனித்தனியாக எண்ணிற்று. ஏனையோர் அனைவரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டது. சாதியைக் கேட்காவிட்டால் சாதி போய்விடும் என்றனர். போயிற்றா? சேரி ஊரோடு சேர்ந்ததா? இரட்டைக் குவளை உடைந்ததா? சுடுகாடு ஒன்றானதா? செய்தித்தாளில் மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுப்பவன் சாதியைக் கேட்கின்றான். வாடகைக்கு வீடு விடுபவன் கேட்கின்றான். வேட்பாளரை நிறுத்தும் கட்சி தொகுதி தொகுதியாகக் கேட்டுக் குறித்து வைத்திருக்கின்றது. கேட்காமல் இருந்தது அரசின் கணக்கேடு ஒன்றுதான்!

இதன் விளைவைப் பாருங்கள். 1980இல் மண்டல் ஆணையம் தன் அறிக்கையை அளித்தபோது, பிற்படுத்தப்பட்டோர் 52 விழுக்காட்டினர் என்னும் மதிப்பீட்டை அரை நூற்றாண்டுக்கு முந்திய 1931ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்தே வருவிக்க வேண்டியதாயிற்று. பாட்டனுக்கு அளவெடுத்த சட்டையைப் பேரனுக்கு மாட்டி, பொருந்தவில்லையே என்று பேரனையே பழிக்கும் கூத்து அன்று தொடங்கியது. நயன்மை கேட்பவனை நோக்கிச் 'சான்று எங்கே?' என்று கேட்கின்றனர். சான்றைத் திரட்டும் பொறுப்பையும் வல்லமையையும் கையில் வைத்திருந்தவன் எவன்? கேட்கின்ற அவனேதான்!

கிளறாத பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். எந்தப் பானைக்கு அது பொருந்தும்? நன்கு கிளறி, ஒரே சீராக வெந்த பானைக்கே பொருந்தும். அடியில் தீய்ந்து, நடுவில் குழைந்து, மேலே அரிசியாகக் கிடக்கும் பானையில் எந்தச் சோற்றை எடுத்தாலும் அது மற்றதைப் பற்றிப் பொய்யே சொல்லும். பிற்படுத்தப்பட்டோர் என்னும் பானை அத்தகையதே.

இதனை எண்களால் காட்டியது தமிழ்நாடு. 1969இல் அமைக்கப்பட்ட சட்டநாதன் ஆணையம் 1970இல் அறிக்கை அளித்தது. பிற்படுத்தப்பட்டோருள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினராக இருந்த 9 சாதியார், பிற்படுத்தப்பட்டோர்க்குக் கிடைத்த அரசிதழ்ப் பதிவு பெற்ற பணியிடங்களுள் 48 விழுக்காட்டையும், பதிவு பெறாத பணியிடங்களுள் 37 விழுக்காட்டையும், பொறியியல் கல்லூரி இடங்களுள் 44 விழுக்காட்டையும், மருத்துவக் கல்லூரி இடங்களுள் 47 விழுக்காட்டையும் பெற்றிருந்தனர் என்று அவ்வாணையம் கண்டது. பிற்படுத்தப்பட்டோர்க்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கும் தனித்தனிப் பங்கு வகுக்க வேண்டும் என்றும், முன்னேறிவிட்ட மேல்தட்டினரை விலக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

ஆட்சியாளர் என்ன செய்தனர்? 1971இல் பிற்படுத்தப்பட்டோர் பங்கை 25இலிருந்து 31 விழுக்காடாக உயர்த்தினர்; பட்டியலினத்தார், பழங்குடியினர் பங்கை 16இலிருந்து 18 ஆக்கினர். அது நன்று, அதனைப் போற்றுகின்றோம். ஆனால் பானைக்குள் பாகுபாடு உண்டு என்று ஆணையம் சொன்ன பகுதியைத் தாளோடு தாளாக மடித்து வைத்துவிட்டனர். இனிப்பான பக்கத்தைப் படித்துக் கசப்பான பக்கத்தைப் படியாமல் விட்டனர். 1979இல் ஆண்டு வருமானம் 9000 உருபா என்னும் வரம்பு வந்தது. 1980ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதும் அவ்வரம்பு நீங்கியது. 31 விழுக்காடு 50 ஆயிற்று. 50 ஆனதை நாம் குறைகூறவில்லை. வரம்பு வந்தது சரியா, போனது சரியா என்னும் வழக்குக்கும் இங்கு வரவில்லை. எந்த ஆய்வைப் படித்து மனம் மாறினர் என்றே கேட்கின்றோம். தேர்தல் முடிவே அங்கு ஆய்வறிக்கையாயிற்று!

மடித்து வைத்த உண்மை மடிந்து போவதில்லை. தெருவுக்கு வரும். 1987 செப்தம்பரில் வன்னியர் தனிப் பங்கு கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். ஒரு வாரப் போராட்டத்தில் 21 உயிர்கள் போயின. அதன் பின், 1989இல், 50 விழுக்காடு 30 என்றும் 20 என்றும் பகுக்கப்பட்டு, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும் 20 விழுக்காடு வந்தது. கீழ்த்தட்டினர்க்குத் தனிப் பங்கு வேண்டும் என்னும் கொள்கை 1970இலேயே மையால் எழுதப்பட்டிருந்தது. 19 ஆண்டுகள் கழித்து அதே கொள்கை அரத்தத்தால் எழுதப்பட்ட பின்னரே ஆட்சியார் கண்ணுக்குத் தெரிந்தது. ஆய்வறிக்கையைப் பேழைக்குள் பூட்டுவது வெறும் சோம்பல் என்று எவரும் எண்ண வேண்டா. அது பிற்காலத்தில் எவனோ ஒரு தாயின் மகனுடைய உயிரால் தீர்க்கப்படும் கடன்.

நின்ற சட்டமும் வீழ்ந்த சட்டமும்

ஆய்வோடு வந்த சட்டத்துக்கும் ஆய்வின்றி வந்த சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அண்மைக்கால வரலாறே நமக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளால் காட்டுகின்றது.

முதலாவது, அருந்ததியர் உள்ஒதுக்கீடு. பட்டியலினத்தார்க்குரிய 18 விழுக்காட்டில் தங்களுக்கு எதுவும் எட்டவில்லை என்பது அம்மக்களின் நெடுநாள் முறையீடு. மலக்குழியிலும் சாக்கடையிலும் இறக்கப்பட்டவர்கள் அவர்கள். 2008இல் நடுவர் சனார்த்தனம் தலைமையில் அவர்கள் நிலை ஆராயப்பட்டது. மக்கள்தொகையில் அவர்கள் எவ்வளவு, பணிகளிலும் கல்லூரிகளிலும் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. பட்டியலினத்தாருள் அவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். 18இல் ஆறில் ஒன்று 3. அவ்வாறே 2009இல் 3 விழுக்காடு சட்டமாயிற்று. பட்டியலினத்தார்க்குள் உட்பகுப்புச் செய்ய மாநிலத்துக்கு உரிமை உண்டா என்னும் வழக்கில், 2024 ஆகத்து 1ஆம் நாள் உச்ச நயன்மன்றத்தின் எழுவர் அமர்வு, உண்டு என்று அறுவர்க்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அளந்து காட்டத்தக்க சான்று வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

இரண்டாவது, வன்னியர்க்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு செய்த 2021ஆம் ஆண்டுச் சட்டம். அது சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள் பிப்பிரவரி 26. தேர்தல் நாள் அறிவிக்கப்பட்ட நாளும் அதுவே! அடிப்படையாகக் காட்டப்பட்டதோ 1980களின் முற்பகுதியில் அம்பாசங்கர் ஆணையம் திரட்டிய மக்கள்தொகைக் கணக்கு. அதே ஆண்டு நவம்பரில் உயர் நயன்மன்றத்தின் மதுரைக் கிளை அச்சட்டத்தை நீக்கிற்று. 2022 மார்ச்சு 31இல் உச்ச நயன்மன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. உட்பகுப்புச் செய்ய மாநிலத்துக்கு உரிமை இல்லை என்று அது சொல்லவில்லை. உரிமை உண்டு என்றே சொன்னது. எஞ்சிய 115 குமுகங்களிலிருந்து ஒன்றை மட்டும் தனியே பிரிப்பதற்குரிய இற்றைக்காலச் சான்று எங்கே என்றுதான் கேட்டது. விடை சொல்ல ஆட்சியாரிடம் தாள் இல்லை.

இங்கு ஏமாற்றப்பட்டவர் எவர்? 21 உயிர்களைக் கொடுத்த அந்த ஏழை உழவர் மக்களே. தேவை மெய்யா, பொய்யா என்று அளந்து பாராமலே கையில் ஒரு சட்டத்தைத் திணித்து, ஒப்போலையை வாங்கிக்கொண்டு, அந்தச் சட்டம் மன்றத்தின் முதற்படியிலேயே வழுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றனர். ஆய்வில்லாச் சட்டம் அடித்தளமில்லா வீடு. அதில் குடியேறச் சொல்பவன் கொடையாளன் அல்லன்.

எண்ணினால் சாதி வளருமா?

நம் உணர்வாளர்களிலும் சிலர் ஒரு தடை எழுப்புகின்றனர். "தமிழர் ஒரே இனம் என்பது நம் கொள்கை. சாதியை வேரறுக்கப் புறப்பட்ட நாமே ஒவ்வொருவனிடமும் 'நீ என்ன சாதி?' என்று கேட்கச் சொல்லலாமா? அது ஆறிவரும் புண்ணைக் கீறுவது ஆகாதா?" என்கின்றனர். இக் கேள்வி தூய உள்ளத்திலிருந்து வருவது. ஆகலின் மதித்து விடை சொல்ல வேண்டும்.

புண் ஆறிவருகின்றதா என்பதே முதலில் அறிய வேண்டியது. அதனைத் திறந்து பாராமல் எப்படி அறிவோம்? காய்ச்சலை அளப்பவன் காய்ச்சலை உண்டாக்குகின்றவன் அல்லன். உடம்பின் சூட்டைத் தொட்டுப் பார்க்கவே கூசி, நோய் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவன் நோயாளியைச் சாகவிடுகின்றான். தமிழர் ஒன்று என்பது நாம் அடைய வேண்டிய நிலை, அடைந்துவிட்ட நிலையன்று. அடையாததை அடைந்துவிட்டதாகச் சொல்வது கொள்கையன்று, மறைப்பு. மேலேயிருப்பவனுக்கு 'நாமெல்லாம் தமிழர்' என்னும் சொல் எளிதாக வரும். அவன் எதையும் இழப்பதில்லை. மலக்குழியில் இறங்குகின்ற தமிழனும் அதே சொல்லைத் தயக்கமின்றிச் சொல்லும் நாளில்தான் அது மெய்யாகும். அந்த நாள் நெருங்குகின்றதா, விலகுகின்றதா என்று காட்டும் கருவியே எண்ணிக்கை. சாதி இருக்கும்வரை சாதியை எண்ணுவோம். அடுத்த கணக்கில் இடைவெளி சுருங்கியிருக்கின்றதா என்று பார்ப்போம். எண்ணுவது பெருமை கொண்டாடுவதற்கன்று; ஒருநாள் எண்ணத் தேவையில்லாமல் செய்வதற்கு.

மற்றொன்றையும் சொல்வோம். எண்ணிக்கை இல்லாத இடத்தில் ஆட்சி செய்வது வதந்தி. ஒவ்வொரு சாதித் தலைவனும் தன் தொகையை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருக்கிச் சொல்லி மாநாடு கூட்டுகின்றான். கூறப்படும் தொகைகளையெல்லாம் கூட்டினால் தமிழ்நாட்டின் மக்கள்தொகை எங்கோ போய் நிற்கும்! நேர்மையான கணக்கு சாதித் தலைவனின் கருவி அன்று. அவன் கையிலுள்ள ஊதுகுழலைப் பிடுங்குவது.

தலையை எண்ணுவது மட்டும் ஆய்வாகாது

எண்ணிவிட்டால் எல்லாம் ஆயிற்று என்றும் நாம் சொல்லவில்லை. அரைகுறையாக எண்ணுவதும் கேடே. 2011இல் நடுவணரசு குமுகப் பொருளியல் சாதிக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திற்று. மக்கள் வாயில் வந்த பெயரையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டனர். குலப்பெயரும் குடிப்பெயரும் பட்டப்பெயரும் எழுத்துப்பிழையும் தனித்தனிச் சாதிகளாயின. 1931இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள் 46 இலக்கத்திற்கு மேலாயின என்றும், அக்கணக்கு பயன்படுத்தத் தக்கதன்று என்றும் 2021இல் நடுவணரசே உச்ச நயன்மன்றத்தில் உறுதியுரை அளித்தது. அச்சாதிக் கணக்கு வெளிவரவே இல்லை. எந்தப் பெயர் எந்தக் குமுகத்தின் கிளை என்று ஊரறிந்த குமுகவியல் அறிஞரைக் கொண்டு முன்கூட்டியே பட்டியல் அமைத்திருந்தால் இந்த இழிவு நேர்ந்திராது. மக்கள் வரிப்பணத்தில் நெய்த வலையில் மீன் இல்லை. வலைக்கண் பெரிதாய்ப் போயிற்றாம்!

பீகாரைப் பாருங்கள். மாநில அரசு தானே எண்ணிற்று. அதற்கு அதிகாரம் இல்லை என்று சிலர் வழக்கிட்டனர். 2023 ஆகத்து 1இல் பாட்னா உயர் நயன்மன்றம் அக்கணக்கெடுப்பை ஏற்றது. அவ்வாண்டு அக்தோபர் 2இல் தொகை வெளிவந்தது. அடுத்த மாதமே பொருள்நிலையும் வெளிவந்தது. திங்களுக்கு 6000 உருபாவோ அதற்குக் குறைவோ கொண்டு வாழும் குடும்பங்கள் 34.13 விழுக்காடு, பட்டியலினத்தாருள் 42.93; பொதுப்பிரிவினருள்ளும் 25.09. ஒடுக்கப்பட்டவன் வறுமையையும் முன்னேறிய சாதியில் பிறந்த ஏழையின் வறுமையையும் ஒரே கணக்கு ஒருங்கே காட்டிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். நேர்மையான அளவைக்கு வேண்டியவன், வேண்டாதவன் இல்லை.

ஆனால் அங்கும் அடுத்த படியில் சறுக்கினர். தொகை வந்த கையோடு ஒதுக்கீட்டை 65 விழுக்காடாக உயர்த்தினர். 2024 சூனில் அதே பாட்னா மன்றம் அதனை நீக்கியது. 50 விழுக்காடு என்னும் வரம்பைக் காட்டிற்று. ஆழ்ந்த ஆய்வு செய்யாமல் மக்கள்தொகைப் பங்கையே அளவாகக் கொண்டுவிட்டதையும் காட்டிற்று. 50 என்னும் அவ்வரம்பு எந்த ஆய்விலிருந்து பிறந்தது என்று நாம் திருப்பிக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆயினும் பாடம் பாடமே. எத்தனை தலை என்பது தொடக்கம். எவ்வளவு நிலம், எத்தகைய வேலை, எத்தனை ஆண்டுக் கல்வி, எவ்வளவு கடன், பெண்ணுக்கு அக்குடும்பத்தில் என்ன நிலை என்பனவற்றையெல்லாம் இணைத்துப் பார்ப்பதே ஆய்வு.

அளக்கப்பட்டவன் மொழி எங்கே?

இனி, மூன்றாவதும் நம் நெஞ்சைச் சுடுவதுமான குறைக்கு வருவோம்.

1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தம் மாணவரைச் சிற்றூர்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், சாதி ஆகியவற்றைக் குறித்துவரச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அவ்வாறு அளக்கப்பட்டன. 1918இல் நூல் வந்தது. 1930களில் தாமசு, இராமகிருட்டிணன் என்னும் இருவர் தலைமையில் அவ்வூர்கள் மீண்டும் அளக்கப்பட்டன. பின்னரும் பன்முறை அறிஞர் சென்றனர். இருவேல்பட்டைப் பற்றி மட்டும் 1916 முதல் 2008 வரை தொடரும் ஆய்வு வரலாறு உண்டு. ஒரே ஊரை நூறாண்டு நெருங்க அளந்து வைத்திருக்கும் இத்தகைய செல்வம் உலகில் அரிது. அவ்வறிஞர்தம் உழைப்பை வணங்குகின்றோம்.

ஆனால் அச்செல்வம் எந்த மொழியில் கிடக்கின்றது? ஆங்கிலத்தில்! இருவேல்பட்டு உழவுத் தொழிலாளியின் கொள்ளுப்பேரன், தன் முன்னோன் எத்தனை படி நெல்லுக்கு உழைத்தான் என்று அறிய ஆங்கிலம் கற்றாக வேண்டும். தமிழில் கேட்டு, தமிழில் விடை பெற்று, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டனர். விளைச்சல் இங்கே, களஞ்சியம் வேறெங்கோ. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கமாட்டாதவன் அதில் பிழை இருந்தால் எப்படித் திருத்துவான்? உண்மை இருந்தால் அதைக் கையிலேந்தி ஆட்சியரிடம் எப்படி வழக்காடுவான்? மரக்கால் மீண்டும் நிலக்கிழாரின் ஆளிடமே போய்ச் சேருகின்றது. அன்று அவன் கையில் மரப்பிடி. இன்று ஆங்கிலப் பிடி.

தமிழில் இவற்றைச் சொல்லச் சொல் இல்லை என்பான் ஒருவன். 320இல் ஒரு பங்குக்கு முந்திரி என்றும், அம்முந்திரியிலும் 320இல் ஒரு பங்குக்குக் கீழ்முந்திரி என்றும் பெயர் வைத்து, திண்ணைப் பள்ளியில் சிறுவர் வாய்ப்பாடாக ஒப்பித்த மொழியையா கணக்குக்கு ஆகாது என்கிறாய்? விழுக்காடு இருக்கின்றது, நிரவல் இருக்கின்றது, பதம் பார்த்தல் இருக்கின்றது. இல்லாதது சொல்லன்று, பயன்படுத்தும் நாணயம். ஆய்வு ஆங்கிலத்தில் இருக்கும்வரை அதைப் பற்றிப் பேசும் உரிமை ஆங்கிலம் அறிந்த சிலர்க்கே. ஏற்றத்தாழ்வைப் பற்றிய அறிவே ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருப்பதைவிடக் கொடிய ஏற்றத்தாழ்வு எது?

நாம் கேட்பவை

2025 ஏப்பிரல் 30இல் நடுவணரசு, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவதாக முடிவு செய்தது. 2027 மார்ச்சு 1ஆம் நாளை அதற்குரிய அடிப்படை நாளாகக் குறித்து, 2025 சூனில் அறிவிக்கை வெளியிட்டது. முக்கால் நூற்றாண்டு மறுத்துவிட்டு இணங்கியதற்காக மாலையிட வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்குக்கு நேர்ந்தது இதற்கும் நேராமல் காக்க வேண்டியதே நம் வேலை. ஆகலின் கேட்கின்றோம்:

ஒன்று. எண்ணியதை மாநில அளவில் மட்டுமன்றி, ஊராட்சி அளவு வரையில், தனியாள் பெயர் வெளிப்படாவண்ணம், குறித்த காலத்துள் வெளியிட வேண்டும்.

இரண்டு. தமிழ்நாட்டரசு 2024 சூன் 26இல் சட்டமன்றத்தில் தீர்மானம் இயற்றித் தில்லிக்கு அனுப்பியதோடு நின்றது. பீகார் செய்ததை நாமும் செய்திருக்கலாம். கல்வி, பணி, நிலம், கடன், தொழில் ஆகியவற்றை ஆழ்ந்து அளக்கும் மாநில ஆய்வு தில்லிக் கணக்குக்குத் துணையாக நடத்தப்பட வேண்டும்.

மூன்று. ஏற்றத்தாழ்வு களைய வரும் எந்தச் சட்டமும் ஆணையும் தன் ஆய்வறிக்கையோடு வரவேண்டும். ஆணையங்கள் அளிக்கும் அறிக்கை, ஆட்சியார்க்கு இனித்தாலும் கசத்தாலும், ஆறு திங்களுக்குள் சட்டமன்றத்தில் முழுமையாக வைக்கப்பட வேண்டும்.

நான்கு. வினாத்தாளும் அறிக்கையும் தமிழில் அமைய வேண்டும். தமிழ்நாட்டு மக்களை அளந்து பட்டம் பெறும் எவரும் தம் ஆய்வின் தமிழ் வடிவத்தைப் பல்கலைக்கழகத்திலும் அவ்வூர் நூலகத்திலும் வைத்த பின்னரே பட்டம் பெறவேண்டும். ஊரவையில் அது படிக்கப்பட வேண்டும். பிழை சொல்ல ஊரார்க்கு உரிமை வேண்டும்.

உணர்வாளர்களே! இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கணக்கெடுக்க வருபவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கீழ்த்தெருவிலும் குடியிருப்பிலும் ஒரு வீடும் விடுபடாமல் காவல் நில்லுங்கள். படித்த இளைஞர் தத்தம் ஊரின் நிலத்தையும் கூலியையும் பள்ளி நின்ற பிள்ளைகளையும் தாமே ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வையுங்கள். அரசின் எண் வரும் நாளில் உங்கள் எண்ணோடு ஒட்டிப் பாருங்கள்.

கூலி கேட்டவர்கள் மரக்காலையும் கேட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் நாம். பங்கு கேட்குமுன் அளவையைக் கேட்போம். அளவை நம் கண்முன் இருக்கட்டும். நம் மொழியில் இருக்கட்டும். நம் கையில் இருக்கட்டும்!